நூற்று நான்கு விழுக்காடு

ஆரோக்கியமேரியைப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவிடாமல் செய்தவன் நான்தான். தலைமையாசிரியர் அல்லர்... நான்!

தொண்ணூறுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எவ்வளவு இனிய நாட்கள் அவை! ஆசிரியர் அறை மேசையில் விடைத்தாளும் அவித்த மல்லாட்டையும் சேர்ந்தே கிடக்கும். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை; அது ஆரோக்கியமேரியின் அப்பா கொண்டுவருவது.

அந்த வருடம் தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு வரும் என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே என்னைக் கேட்டார். வரைபடத் தாளில் முந்தைய ஆண்டுகளின் புள்ளிகளைக் குறித்து, ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தேன். நூற்று நான்கு வந்தது! அறையே சிரித்தது, நானும்தான்.

சிரித்திருக்கலாமா? விழுக்காடு நூறைத் தாண்டாது. நூறை நெருங்க நெருங்க ஏற்றம் தளரும், கோடு வளைய வேண்டும்... புள்ளியியல் படித்த எனக்கு இது தெரியாதா? வளைத்துப் போட்டிருந்தால், ஓரிருவர் தவறக்கூடும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் கெட்டிக்காரன் என்ற பெயர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை! மிஞ்சிய நான்கைக் கிள்ளி எறிந்துவிட்டு, "நூறு வரும் சார், எழுதி வெச்சுக்குங்க" என்றேன்.

அவர் எழுதியே வைத்துவிட்டார், பள்ளி வாசல் பலகையில்! அதன்பின் அது என் கணக்கு அல்ல, பள்ளியின் மானம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், தேறாத பிள்ளை யார் என்று கேட்டார். கணக்கில் எப்போதும் தவறிய ஆரோக்கியமேரியைக் காட்டினேன்.

அவள் அப்பாவிடம் நானே பேசினேன். "அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டுங்க."

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்று டி.சி.யை வாங்கிக்கொண்டு போனார். அன்றும் ஒரு பை மல்லாட்டை கொண்டுவந்திருந்தார்... நாங்கள் தின்றோம்!

நூறு வந்தது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, திண்டிவனம் போகும் வழியில் விக்கிரவாண்டியில் பஸ் நின்றது. சாப்பாட்டுக் கடையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் அவளேதான். பிரைவேட்டாக எழுதவே இல்லையாம், கல்யாணம் முடித்துவிட்டார்களாம். டீக்குக் காசு வாங்க மறுத்தாள்.

"வேலை பண்ணிக்கினே நெனச்சுப்பேன் சார். அந்த வருஷம் எழுதியிருந்தா பாஸாயிருப்பேனா? நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லிடுவீங்களே!"

"தெரியலையேம்மா" என்றேன். பொய்!

பழைய மதிப்பெண் ஏடு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அவளுடைய கணக்கு மதிப்பெண் முதல் தேர்வில் பதினான்கு, காலாண்டில் இருபத்தொன்று, அரையாண்டில் இருபத்தெட்டு. தேறுவதற்கு முப்பத்தைந்து போதும். அடுத்த புள்ளி எங்கே விழும்? நீங்களே சொல்லுங்கள்... பள்ளிக்குக் கோடு போட்ட நான், அவளுக்கு ஒன்று போட்டுப் பார்க்கவில்லை.