கீரைக்கு ஏலம்

தோங்யோங் துறைமுகத்தில் பத்தொன்பது வருடமாக மீன் ஏலம் விடுகிறவர் பே சங்தே. விடியற்காலையில் கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. சின்ன வயதில் சாப்பிடும்போது வாயைத் திறந்தால் அவருடைய அப்பா கரண்டியால் மண்டையில் போடுவார். தன் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தார்.

ஐந்து வயது மகள் நாரே கீரையைக் கண்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஒருநாள் சங்தே கீரைக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து, துறைமுகக் குரலிலேயே கூவினார்.

"கீரை, பசுங்கீரை! யாருக்கு எத்தனை வாய்?"

மீன் வியாபாரிகள் மாதிரி விரலால்தான் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவருக்குக் கிண்ணம். கேட்ட அளவு தின்றே ஆக வேண்டும். மனைவி உன்ஜு இரண்டு விரல் காட்டினாள். நாரே நாலு காட்டி, நாலு வாயும் தின்றுவிட்டாள்! அன்றிலிருந்து தினமும் ஏலம்தான்.

ஒரு மாதத்தில் மழலைப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

"உங்க பொண்ணு சாப்பாட்டு நேரத்துல ஏலம் விடுறா, நாரே அப்பா. மத்த பிள்ளைங்களும் விரலக் காட்டுது. இது சூதாட்டப் பழக்கம். இனி வீட்ல நடக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார் தலைமை ஆசிரியை.

"பிள்ளை கீரை தின்னது சூதாட்டமா? உங்க சாப்பாட்டு அறையில இருக்கிற எச்சில் வாளிய எட்டிப் பாருங்க டீச்சர். பாதி வாளி கீரை கெடக்கு. அது ஒழுக்கமாக்கும்?"

"மீன் சந்தை வேற, பள்ளிக்கூடம் வேற." அவர் சட்டையின் வாடைக்குத் தலைமை ஆசிரியை மூக்கைச் சுளித்தார். சங்தே கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வாரம் வீட்டு ஏலத்தில் நாரே கையைத் தூக்கவில்லை.

"என்ன கண்ணு, கேக்கலியா?"

"பள்ளிக்கூடத்துல விரலக் காட்டினா தனி மேசைப்பா. அஞ்சு நாளா நான் சுவரப் பாத்துத்தான் சாப்பிடுறேன்."

மறுநாள் சங்தே துறைமுக ஏலம் முடிந்த கையோடு, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், பள்ளிச் சாப்பாட்டு அறையில் போய் நின்றார். நாரே சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"பச்சப் பிள்ளைய இப்படி உக்கார வெச்சிட்டு உங்களுக்கெல்லாம் எப்படிச் சோறு இறங்குது?"

"கத்தாதீங்க, பிள்ளைங்க பயப்படுது" என்றார் தலைமை ஆசிரியை.

"நான் கத்தினா பயமா? இந்தச் சுவரப் பாத்து உக்காந்தா பயமில்லியா?"

மகளையும் அவள் பையையும் தூக்கிக்கொண்டு வெளியேறினார். பாலத்துக்கு அப்பால் வேறு பள்ளி கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் நாரே வீட்டில் மறுபடி விரல் காட்டினாள், அதுவும் ஒன்றே ஒன்று.

"அதான் நல்ல பள்ளி கெடச்சிருச்சே, இன்னும் எதுக்குப் பொருமுறீங்க?" என்றாள் உன்ஜு.

"ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கலியே. எங்கிட்ட வேணாம், உன் பொண்ணுகிட்டக் கேட்டாங்களா?"