என்ஜினுக்குக் கட்டிய உப்பு

எங்கள் வீட்டுக்காரர் எனக்கு ஒருநாள்கூடத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டதில்லை. தேயிலை ஃபாக்டரி டீசல் என்ஜினுக்கு வைத்தார், அதுவும் என் சேலையைக் கிழித்து. தாலி எனக்கு, குடித்தனம் அதோடு என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கேட்கவே சொல்வேன். அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபம்.

சிலோனிலும் அவர் என்ஜின்காரர்தான். எங்களையெல்லாம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள்; நாங்கள் கப்பலேறுவதற்கு முன்பே அந்தத் தோட்டத்து ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். ஊரே பெட்டி கட்டிக்கொண்டிருக்க, இவர் அந்த என்ஜினைத் துடைத்து மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் கண்ணூறு படாமலிருக்கக் கல்லுப்பையும் மிளகாயையும் துணியில் முடிந்து அதன்மேல் கட்டிவிட்டு வந்தார். எங்கள் பெட்டியை நான்தான் கட்டினேன்.

கீழ் கோத்தகிரிக்கு வந்து, மறுபடி என்ஜின் வேலை கிடைத்து, அப்பாடா என்று உட்காருவதற்குள் ஃபாக்டரிக்குக் கரண்ட் வந்துவிட்டது. தோட்டத்து மேனேஜர் துரை கூப்பிட்டு, என்ஜினைக் கெடாமல் மூடிவைக்கச் சொன்னார். அதுவரை இவருக்குத் தேயிலைச் செடிக்கு மருந்தடிக்கும் மலை வேலை. கரண்ட் காலை வாரும்போது அது ஓடினால் இவர் ஃபாக்டரிக்குத் திரும்பலாம். ஓடாவிட்டால் அது பழைய இரும்புக்கு, இவர் கடைசிவரை மலை வேலைக்கு. இவருக்கோ இழுப்பு. மருந்து டப்பாவை முதுகில் சுமந்து மழையில் நடந்தால் ஆள் தேறமாட்டார். பயந்துபோய் இன்னொரு சேலையையும் கொடுத்தேன்.

தேத்தண்ணி கொண்டுபோகும் சாக்கில் வேடிக்கை பார்த்தேன். என்ஜினை ஓட்டிச் சூடாக்கி, பழைய எண்ணெயை வடித்து, புதியதை ஊற்றினார். உறைபனியில் இரும்பு வெடித்துவிடுமென்று உள்ளே நிற்கும் தண்ணீரைச் சொட்டு விடாமல் இறக்கினார். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். எலி நுழையாமல் புகைக்குழாயை அடைத்தார். பிள்ளை பெற்றவளுக்குக்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள். எல்லாம் முடிந்ததும் மடியிலிருந்து உப்பு முடிச்சை எடுத்துச் சக்கரத்து அச்சுக்கு மேலே கட்டினார்.

உடனிருந்த கோயமுத்தூர் ஃபிட்டர் சிரித்தார். "ஏனுங்க, இந்தக் கெழட்டு இரும்பு மேல எவனுங்க கண்ணு வெக்கப் போறான்?"

"ஒங்களுக்கு வெளங்காது. சிலோன்லயும் இப்பிடித்தான் கட்டுனேன்" என்று சொல்லித் தார்ப்பாயை இழுத்து மூடினார். துரை என்ஜின் அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார்.

ஒரு மழைக்காலம் முழுக்க மருந்தடித்தார், ராத்திரியெல்லாம் இருமினார். அடுத்த மழையில் மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்தது. ஃபாக்டரியில் மலைபோலக் கொழுந்து. இவரைக் கூட்டிவர ஆள் ஓடிவந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

தார்ப்பாயை எடுத்தால், உப்பு கரைந்து ஒழுகி, அச்செல்லாம் செம்மண் பூசியதுபோலத் துரு. சக்கரம் அசையவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வாய் மட்டும் சும்மா இருக்குமா? "ஊறுகாயா போட்டு வச்சீங்க?" என்று கத்திவிட்டேன். துரைகூடச் சிரித்துவிட்டார்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சக்கரத்தில் கயிறு கட்டி லயமே சேர்ந்து இழுத்தது. ஃபிட்டர் இழுத்தார், கணக்கப்பிள்ளை இழுத்தார், அவர்கள் பாட்டன் பூட்டனையெல்லாம் ஏசிக்கொண்டே நானும் இழுத்தேன். கிறீச்சென்று சக்கரம் திரும்பியது. துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, கடைசியில் அது கரும்புகை கக்கி ஓடியேவிட்டது. துரை இவரிடம், நாளையிலிருந்து ஃபாக்டரிக்கு வா என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லயத்துக்குத் திரும்பும்போது இவர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டு நடந்தார். வேலை கிடைச்ச மனுசன் மூஞ்சியா இது என்று கேட்டேன். அவர் நின்றார்.

"சிலோன்ல கட்டுன உப்பும் இப்பிடித்தானே புள்ள ஒழுகியிருக்கும்? நாமதான் அம்புட்டுப் பேரும் இங்க வந்துட்டமே. அதுக்குக் கயிறு இழுக்க அங்க ஆரு இருக்கா?"