டேப் அக்கா கொடுத்த அளவு

மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காற்று இல்லை, அலை இல்லை, மழை இல்லை. ஒரு மனிதர் கடலில் விழுவதற்கான காரணம் எதுவும் அன்று காலையில் இல்லை என்று துறைமுகப் போலீஸ்காரரே சொன்னார். ஆனாலும் விழுந்தார். நங்கூரம் போட்டு நின்றிருந்த தன் சின்னப் பாய்மரப் படகின் பின்பக்கத்திலிருந்து, தண்ணீர் பாய் விரித்த மாதிரி அசையாமல் கிடந்த நேரத்தில். லிஃப்ட் மெக்கானிக், ஐம்பத்தொன்பது வயது, நல்ல நீச்சல்காரர். விழும்போது தலை மோட்டாரில் இடித்திருக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் காபிக் கோப்பையோடு வெளியே வந்தபோதுதான் பார்த்தார்.

இதை அவருடைய மனைவியிடம் சொல்லும்போது போலீஸ்காரர் ரொம்பச் சுற்றி வளைத்தார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அவரு பேண்ட்டு ஜிப்பு வந்து... திறந்திருந்தது."

"ம்" என்றாள் அவள்.

அந்த ஜிப்பை மாற்றித் தைத்தவளே அவள்தான். பழையது பாதியில் மாட்டிக்கொள்கிறது என்று அவர் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். புதுசு வழுக்கிக்கொண்டு ஓடும். நல்ல ஜிப் அது என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

சின்னப் படகு வைத்திருக்கும் ஆண்களில் பாதிப் பேர் காலையில் எழுந்ததும் இப்படித்தான். உள்ளே கழிப்பறை இருக்கும். அதற்குள் யார் குனிந்து நுழைவது என்று பின்பக்க ஓரத்துக்குப் போய், பாய்மரத்திலிருந்து இழுத்துக் கட்டிய கம்பிவடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வாரம் முழுக்க படகுத்துறையில் எல்லோரும் ஒழுங்காகக் குனிந்து உள்ளே போனார்கள். அடுத்த வாரம் பழைய குருடி கதைதான்.

அவளைப் படகுத்துறையில் டேப் அக்கா என்பார்கள். கிழிந்த பாய்களைத் தைப்பது, படகுக்கு உறை போடுவது, மெத்தைக்குத் துணி மாற்றுவது அவள் தொழில். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். கல்யாண வீடுகளுக்கும் அதோடு போய், வாசலில் யாராவது சொன்ன பிறகு கழற்றிக் கைப்பைக்குள் போட்டிருக்கிறாள். சவ அடக்கத்தன்று யாரும் சொல்லவில்லை. டேப்போடுதான் நின்றாள்.

படகின் பின்பக்கத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடச் சொல்லி அவரிடம் அவள் கேட்டிருக்கிறாள். ரெண்டு தடவை கேட்டாள். "பின்னாடி வேலி போட்டா ஆட்டுப்பட்டி மாதிரி இருக்கும்டி" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. அவளுக்கும் தலைக்கு மேல் வேலை இருந்தது.

"அழுதிடுங்கக்கா, மனசுல வச்சுக்கிட்டே இருக்காதீங்க" என்று ஒவ்வொருத்தராக வந்து சொன்னார்கள். மனசில் வைத்துக்கொள்ள அவளிடம் ஒன்றும் இல்லை. காலையில் அவருடைய ரேடியோ தானாகவே வானிலை அறிக்கை சொல்ல ஆரம்பிக்கும். அதை நிறுத்த எழுந்து போக வேண்டும். போகவில்லை. அறிக்கை முடிந்து, மீன் விலை முடிந்து, பாட்டு வந்த பிறகு எழுந்து பட்டறைக்குப் போவாள். ஒருநாள் ஊசி விரலுக்குள் இறங்கி, வெள்ளைப் பாயில் சிவப்பாகப் பொட்டு விழுந்த பிறகுதான் கவனித்தாள். பாயைத் துடைத்தாள். விரலை அப்புறம் பார்த்துக்கொண்டாள்.

மே மாதத்தில் மகள் போன் செய்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், முப்பது வயது, வேறு ஊரில் வேலை.

"அம்மா, எனக்கு கடல்முனைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. கடலோரம்தான். வாடகை கேட்டா தலை சுத்துது. அப்பா படகை எடுத்துட்டுப் போய் அதுலயே தங்கிக்கலாம்னு பாக்குறேன்."

"யாரு ஓட்டிட்டுப் போறது?"

"வேற யாரு? நான்தான்."

"கூட?"

"தனியாத்தாம்மா. ரெண்டு நாள் பயணம். அப்பாவை விட நான் நல்லா ஓட்டுவேன். அது உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்."

அது உண்மை. அவர் அதை ஒத்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான். டேப் அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சரி போ என்றும் சொல்லியிருக்கலாம். ரெண்டுமே வாயில் வரவில்லை.

"பின்னாடி கம்பி போட்டப்புறம் போ" என்றாள்.

"எப்ப போடுவ?"

"போட்டப்புறம் போ."

பட்டறைக்கு அடுத்த கொட்டகையில் வெல்டர். நாற்பதைத் தாண்டியவர். படகுத்துறையில் உள்ள துருப்பிடிக்காத கம்பி வேலையெல்லாம் அவர் கையால் ஆனது. பேச்சுக்குப் பேச்சு வம்பிழுப்பார். மார்ச்சுக்குப் பிறகு டேப் அக்காவிடம் மட்டும் வம்பை நிறுத்திவிட்டார். அது அவருக்கே வேலை நிறுத்தம் மாதிரி கஷ்டமாக இருந்தது.

படகைக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். வெல்டர் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களை வெட்டி, ஒட்டும் நாடாவால் கட்டி, கம்பி எப்படி வரும் என்று பின்பக்கத்தில் ஒரு மாதிரி செய்து நிறுத்தினார். வலது மூலையில் ஒரு வளைவு, இடது மூலையில் ஒரு வளைவு, நடுவில் ஏணிக்கு வழி, வழியை அடைக்க ஒரு சங்கிலி. மேலே ஒரு கம்பி, நடுவில் ஒரு கம்பி.

"நடுக்கம்பியைப் பாதி உயரத்துல வைக்கிறதுதான் வழக்கம்" என்றார்.

"இல்ல. அதுக்கு மேல. முதுகு சாயணும்ல."

"உட்காரப்போறவங்க எவ்வளவு உயரம்?"

டேப் அக்கா கழுத்திலிருந்த டேப்பைத் தொடவே இல்லை. உட்காருகிற இடத்திலிருந்து தோள் எலும்பு வரை இவ்வளவு, பின்கழுத்து வரை இவ்வளவு, சுக்கான் பிடிக்கு நீட்டுகிற கை இவ்வளவு என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

"என்னக்கா, எல்லாம் மனப்பாடமா இருக்கு?"

"எத்தனை வருஷமா தைக்கிறேன்."

வெல்டர் சுண்ணாம்புக் கட்டியால் குழாயில் குறித்துக்கொண்டார். நடுக்கம்பி ரொம்ப மேலே ஏறுகிறதே, கீழே ஒரு ஆளே உருண்டு போகிற அளவுக்கு இடைவெளி விழுகிறதே என்று அவருக்குப் பட்டது. வேறு யாராக இருந்தாலும், "பாய் தைக்கிறவங்க பாயை மட்டும் தைங்க" என்றிருப்பார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவரும் பேசவில்லை.

கம்பி வளைந்து, பற்றவைக்கப்பட்டு, கண் கூசப் பளபளப்பாகி வந்தது. தளத்தில் துளை போடும்போது டேப் அக்காவே டிரில்லைப் பிடித்தாள். படகு வைத்திருப்பவர்களுக்குத் தங்கள் படகில் ஓட்டை போடுவதென்றால் தன் பல்லைத் தானே பிடுங்குகிற மாதிரி. வெல்டர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. துணிக்குக் காஜா எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். தண்ணீர் கசியாமல் இருக்க ஒவ்வொரு துளையிலும் பசை. தளத்துக்கு அடியில் அகலமான தகடு வைத்து, வெல்டர் உள்ளே படுத்துக்கொண்டு நட்டுகளை முறுக்கினார்.

"ஆடுதா பாருங்கக்கா."

ஆட்டினாள். "இல்ல."

"யானையைக் கட்டலாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பழைய வம்பில் கொஞ்சம் எட்டிப்பார்த்தது.

திங்கட்கிழமை மத்தியானம் மகள் வந்தாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. அப்பாவின் மூக்கு; உயரம் மட்டும் அவருடையது இல்லை, அம்மாவின் குட்டை உயரம். படகைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"நல்லா வந்திருக்கு. ஆட்டுப்பட்டி மாதிரிதான் இருக்கு" என்றாள். வெல்டர் சிரித்துவிட்டு டேப் அக்காவைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

மகள் ஏணியில் ஏறி, அப்பா உட்காருகிற அதே வலது மூலையில் உட்கார்ந்தாள். சுக்கான் பிடியைக் கையில் எடுத்தாள். பின்னால் சாய்ந்தாள்.

டேப் அக்கா கீழே தரையில் நின்றிருந்தாள். ஒரு சட்டை யாருக்குத் தைத்தது, யார் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்பதைத் தெருமுனையிலேயே கண்டுபிடிக்கிற கண் அது. மகளுடைய பின்கழுத்து நடுக்கம்பியில் முட்டியது. அதற்குக் கீழே முதுகுக்கு எதுவும் இல்லை, வெறும் காற்று. படகு ஒரு சாய்வு சாய்ந்தால், கை நழுவினால், கம்பிக்கு அடியில் அவள் அப்படியே வெளியே போய்விடுவாள். கம்பி கம்பியாக நிற்கும்.

"எந்திரி."

"என்னம்மா?"

"எந்திரிடி. அது உங்கப்பா அளவு."

வெல்டர் தலையில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினார்.

"நான் அன்னைக்குக் கேட்டேனேக்கா, உட்காரப்போறவங்கன்னு..."

"கேட்டே. நான்தான் அவரைச் சொல்லிட்டேன்."

குரல் சாதாரணமாக இருந்தது. பட்டன் மாற்றித் தைத்துவிட்டேன் என்பதுபோல.

மகள் இறங்கி வந்தாள். "பரவால்லம்மா. ஒரு கயிறு குறுக்க கட்டிக்கிறேன். இல்லன்னா அடியில குஷன் போட்டு உட்கார்ந்துக்கிறேன்."

"குஷன் போட்டா நீ மேல வருவே. மேல் கம்பியும் கீழ இறங்கின மாதிரி ஆயிடும்."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற? வியாழக்கிழமை கிரேன் சொல்லியாச்சு. அந்தப் பக்கம் திங்கட்கிழமை நான் டியூட்டியில இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, இதைச் சாக்கா வச்சு என்னை நிறுத்தாத."

அந்த நினைப்பு டேப் அக்காவுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றால் வெல்டர் மறு பேச்சுப் பேச மாட்டார். கிரேன்காரரும் சரியென்பார். இந்த ஊரில் இப்போது அவள் பேச்சை யாரும் தட்டுவதில்லை. அடுத்த மாதம் காற்று மாறும். அதற்கடுத்த மாதம் மழை. மகள் பஸ்ஸில் போவாள், வாடகைக்கு ஒரு அறை எடுப்பாள். படகு முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும், பளபளவென்று பின்பக்கம் கம்பியோடு.

வெல்டர் அந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மகளும்தான்.

டேப் அக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.

"திரும்பி உட்காரு."

"எங்க?"

"இந்தப் பலகையில. நிமிர்ந்து உட்காராதே, படகுல எப்படி உட்காருவியோ அப்படி உட்காரு."

இடுப்பெலும்புக்கு மேலே ஒரு அளவு. தோள் எலும்புக்கு ஒரு அளவு. கை நீட்டச் சொல்லி ஒரு அளவு. மகளுடைய முதுகில் டேப் பட்டபோது அவள் நெளிந்தாள்.

"கூச்சமா இருக்கும்மா."

"சும்மா இரு."

அளவுகளை வாய்விட்டுச் சொன்னாள். வெல்டர் கம்பியிலேயே சுண்ணாம்பால் குறித்தார்.

"நடுக்கம்பியை வெட்டி இறக்கிடவாக்கா?"

"வெட்டாத. அது இருக்கட்டும். கீழ இன்னொண்ணு போடு."

"மூணு கம்பியா? யாரும் மூணு போடுறதில்ல."

"வெட்டின இடம் தெரியும். அசிங்கமா இருக்கும்."

வெல்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "சிறை மாதிரி இருக்கும், அது பரவாயில்லையா?" என்றார். மார்ச்சுக்குப் பிறகு அவளிடம் நேருக்கு நேர் அவர் இழுத்த முதல் வம்பு அது.

"ஆட்டுப்பட்டின்னு ஏற்கனவே பேரு வச்சாச்சு" என்றாள் டேப் அக்கா.

செவ்வாய்க்கிழமை முழுக்க வெல்டர் வேலை பார்த்தார். தீப்பொறி தளத்தில் விழாமல் இருக்க டேப் அக்கா ஈரச் சாக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு டீ வந்தது. அவளுடையது ஆறி ஆடை கட்டியது. புதன்கிழமை பகலில் பற்றவைத்த இடங்களைத் தேய்த்து மெருகேற்றினார்கள்.

மகள் மறுபடி மூலையில் உட்கார்ந்தாள். சாய்ந்தாள். மூன்றாவது கம்பி முதுகின் நடுவில் வந்து நின்றது.

"போதுமா?"

டேப் அக்காவும் ஏறி வந்தாள். மகளுக்கு எதிரே, கால் ஊன்றி நின்றாள். ரெண்டு கையையும் மகளின் தோளில் வைத்தாள். மகள் அதை வேறு ஏதோ என்று நினைத்து முகத்தை உயர்த்தினாள்.

தள்ளினாள். லேசாக இல்லை. பாரம் ஏற்றிய தள்ளுவண்டியைத் தள்ளுகிற மாதிரி, உடம்பு முழுக்கக் கொடுத்து.

"அம்மா, வலிக்குது."

"அசையாதே."

மறுபடி தள்ளினாள். கீழே வெல்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மகள் கம்பியில் ஒட்டிக்கொண்டு கிடந்தாள். எங்கும் போகவில்லை. அம்மாவின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

"போதுமாம்மா?"

"இன்னொரு தடவை" என்றாள்.

அது முடிந்ததும் கையை எடுத்தாள். மகளுடைய சட்டைத் தோளில் கசங்கிய இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். பிறகு ஏணியில் இறங்கிப் பட்டறைக்குப் போனாள். யாரோ ஒருவருடைய கிழிந்த பாய் மேசையில் காத்திருந்தது.

நாளை வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கிரேன் வந்து படகைத் தண்ணீரில் இறக்கும். தெற்கிலிருந்து மிதமான காற்று என்கிறது வானிலை அறிக்கை. மகள் தனியாகப் போகிறாள்.