மிலிட்டரி அளவு வேண்டாத வெர்லின்

குண்டு இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, வெர்லின் ஹாட்சர் துப்பாக்கியைக் காதருகே வைத்து ஆட்டுகிறார், தேங்காய் வாங்குகிறவர் போல. தோளில் அணைக்கிற பின்கட்டை லொடலொடவென்கிறது. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்கிறார். போன வாரம் வாங்கிய கட்டைக்கும் இதையேதான் சொன்னார். அது வேறு கம்பெனி.

மிசௌரி மலைப்பக்கத்தில் வீடு வீடாகப் போய்க் காஸ் தொட்டி நிரப்புகிற லாரி அவருடையது. எந்தக் குழாய்க்கு எந்த மூடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் கட்டையைச் செருக இந்தத் துப்பாக்கியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய் அவரைப் படாத பாடு படுத்துகிறது.

துப்பாக்கி மனைவி ஜோயெட்டாவுடையது. தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் அதைத் தொடவில்லை. பழைய கட்டை கெட்டி பிளாஸ்டிக், சுட்டால் உதைக்கும். ரப்பர் வைத்த கட்டை நானே வாங்கித் தருகிறேன் என்று வெர்லின் வாக்குக் கொடுத்துவிட்டார். நாளை மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது.

"இந்த வருசமும் சரிவரலேன்னா வித்துப்புடுய்யா. எனக்கு வேட்டையே வேணாம்" என்றாள் ஜோயெட்டா, உப்பை எடு என்பதுபோல. அவளில்லாத வேட்டை அவருக்கு வேட்டையே இல்லை. போன பருவம் தனியாகப் போனவர், மான் எதிரில் வந்து நின்றும் சுட மனமில்லாமல் திரும்பினார்.

வெர்லினிடம் ஒரு வைராக்கியம் உண்டு. தட்டைப் பாதம் என்று பட்டாளத்தில் அவரைச் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து பட்டாளத்துப் பேர் ஒட்டிய எதையும் தொடமாட்டார். பச்சைப் புள்ளிச் சட்டைகூடப் போடுவதில்லை. மாஜி ராணுவத்தாருக்கு இலவசக் காப்பி என்று ஓட்டலில் பலகை வைத்த நாளில், யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதென்று இரண்டு காப்பிக்குக் காசு வைத்துவிட்டு வந்தார். "போகாத சண்டைக்குப் பெருமை அடிச்சா அது திருட்டு" என்பார்.

துப்பாக்கிக் கடைப் பையன் ட்ராய் இரண்டாவது கட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டான். "அண்ணே, மறுபடியும் கமர்ஷியல் அளவையே எடுத்துட்டுப் போயிருக்கீங்க. உங்க குழாய் மிலிட்டரி அளவு."

"நான் பட்டாளத்துல இருந்ததில்லையே தம்பி."

"அது ஆளுக்கு இல்லண்ணே, குழாய்க்கு. மிலிட்டரி குழாய் ஒரு நகக் கனம் ஒல்லி. கமர்ஷியல் கட்டை அதுல லொடலொடங்கும். மாத்திப் போட்டா ஏறவே ஏறாது."

"அப்ப ஒல்லிதான் ஒசத்தியா?"

"ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்ல. பொருந்துதா, பொருந்தலையா. அம்புட்டுதான்."

"பின்ன எதுக்குய்யா பட்டாளத்த இழுக்கறான்?"

ட்ராய் தலையைச் சொறிந்தான். அவனுக்கும் யாரும் சொன்னதில்லை. "துப்பாக்கி யாருதுண்ணே?"

"வீட்டுக்காரியோடது."

"அக்கா பட்டாளத்துல லாரி ஓட்டினவங்கதானே?"

வெர்லின் நெற்றியில் அடித்துக்கொண்டார். பட்டாளத்துப் பேர் அவளுக்கு உரியதுதான் என்று இவ்வளவு நாளும் தோன்றவே இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, மிலிட்டரி அளவுக் கட்டையை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அதை அவர் மாட்டவில்லை. "நீயே மாட்டு. உனக்குத்தான் பாத்தியதை."

"என்னய்யா உளர்ற?" என்றாள் ஜோயெட்டா. அடியிலிருந்த சிறு நெம்புகோலை அழுத்திக் கட்டையைக் குழாயில் செருகினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. ஆட்டினாள், சத்தமில்லை. மெல்லத் தோளில் அணைத்து, கன்னத்தைச் சாய்த்துச் சுவரைக் குறி பார்த்தாள்.

"விடியறதுக்குள்ள கிளம்பணும்ல?" என்று ஆணியிலிருந்த தன் ஆரஞ்சு வேட்டைச் சட்டையை எடுத்து, போட்டுவிடச் சொல்லி அவரிடம் கொடுத்தாள்.

வெர்லினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் குழப்பம் தீரவில்லை. "இருந்தாலும் ஜோ, கமர்ஷியல்ங்கறவன் தடியா இருக்கான், பட்டாளத்தான் ஒல்லியா இருக்கான், அப்ப..."

சட்டையில் நுழைக்க அவள் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையைத் தூக்கினாள். பாதியிலேயே நின்றுவிட்டது. வெர்லின் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கை நின்ற உயரத்துக்குச் சட்டையைத் தாழ்த்தி, கை நுழையும் வாயை அகலமாக விரித்துப் பிடித்தார்.