தண்ணீரைப் பிரிக்கும் கரண்ட்

சாரல் காலத்தில் எங்கள் வீட்டுப் போர்வை முழுசாகக் காய்ந்ததே இல்லை. குற்றாலத்து மழை தென்காசிக் காற்றில் ஏறி வந்து அதில் படுத்துக்கொள்ளும், அந்த ஈர நூல்மணம் இந்த வயதிலும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அக்காவின் பழைய தாவணியையும் என் பழைய பாவாடையையும் சேர்த்து அம்மா தைத்த போர்வை அது. ஆளுக்குப் பாதிதான் கொடுத்தோம். இருவருக்கும் முழுசாகக் கிடைத்தது.

அந்தச் சாரலில் பெரியப்பா மகன், காலேஜில் கெமிஸ்ட்ரியில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு, மறுபடி எழுதப் படிக்கிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். படித்ததைவிட அருவியில் நின்றதுதான் அதிகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னிடமிருந்து விடுதலை கொடுத்தவள் நான். ஆனாலும் அண்ணன் தரையில் கரியால் வட்டம் போட்டு, புளியங்கொட்டைகளை வைத்து, சத்தம் போட்டுப் படித்தால் காதில் விழத்தானே செய்யும்?

சோடியத்தின் கடைசி வட்டத்தில் ஒற்றை எலக்ட்ரான். குளோரினுக்கோ ஒன்று குறைவு. இவன் கொடுக்க அவன் வாங்க, கொடுத்தவன் பிளஸ், வாங்கியவன் மைனஸ் என்று ஆகி, ஒருவரையொருவர் இழுத்துப் பிடித்துக்கொள்வார்களாம், அதுதான் உப்பு. தண்ணீரில் போட்டால் பிரிந்துவிடும். தண்ணீரின் கதை வேறு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் போட்டு, அந்தச் சோடியைப் பொதுவில் வைத்துக்கொள்ளும்.

"எங்க போர்வை மாதிரியா?" என்றேன்.

"ஏட்டி, வாத்தியார் இப்படிச் சொல்லியிருந்தா நான் அப்பமே பாஸாயிருப்பேம்லா!"

அடுத்த வாரமே அக்காவை "ராயகிரியில கொடுக்க" வீட்டில் பேச்சு நடந்தது. 'கொடுக்க' என்றதும் எனக்கு உப்பு ஞாபகம் வந்தது. அண்ணனிடம் ஓடினேன்.

"கவலப்படாதட்டி. நீங்க ரெண்டு பேரும் உப்பு இல்ல, தண்ணி. தண்ணியப் பிரிக்கணும்னா கரண்ட விடணும். நம்ம தெருவுல கரண்டு எங்கன இருக்கு?"

அன்று நிம்மதியாகத் தூங்கினேன். ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். ஆடியிலேயே எங்கள் தெருவில் கரண்ட் கம்பம் நட்டுவிட்டார்கள்.

கல்யாணப் பந்தலில் பல்பு எரிந்ததும் நான் போட்ட கூப்பாட்டில் நாதஸ்வரமே நின்றுபோயிற்று. "அணைங்க! அணைங்க!"

"பொண்ணுக்குத் தங்கச்சி லைட்டப் பாத்துப் பயப்படுதா!" என்று ராயகிரிக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

வண்டி ஏறுமுன் அக்கா என் காதில் சொன்னாள்: "போர்வை ஒங்கிட்டயே கெடக்கட்டும்ட்டி. பாதி என்னது, பாத்துக்க. சாரலுக்கு வந்துருவேன்."

அடுத்த சாரலுக்குள் தலைப்பிரசவத்தில் போய்விட்டாள்.

அண்ணன் பாஸானான்; இப்போது அவனும் இல்லை. போர்வை நைந்து, கரித்துணியாகி, அடுப்படியோடு போயிற்று. கரண்டுக்கும் அக்காவுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கும் தெரியும்தான். இப்போதும் சாரல் காற்றுக்குக் கரண்ட் போகிறது, பேரப்பிள்ளைகள் "ஆச்சி, எங்கன இருக்க?" என்று கத்துகிறார்கள். "பேயோட பேசிட்டு இருக்கேன், வராதீங்க" என்று பயமுறுத்தி வைப்பேன். பிறகு கட்டிலில் சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காருவேன். விளக்கு வந்ததும், யாரும் பார்ப்பதற்குள், பழையபடி நடுவில் வந்துவிடுவேன்.