தூசி அடங்கிய பிறகு

சைலோவின் இரண்டாவது படியில் குந்தி, காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலில் தைலம் தேய்த்த பிறகுதான் போர்மன் ஐயா ஏறத் தொடங்குவார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் தைல வாசம் வந்தால் எனக்கு அவருடைய நினைவுதான் வருகிறது. யாழ்ப்பாணத்து வடகரையில் எங்கள் சீமெந்து ஆலை. அரைத்த சுண்ணக்கல்லை சைலோ என்ற உயரமான கொள்கலனில் கொட்டி வைப்போம். உள்ளே எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க அவர் நாளுக்கு மூன்று தடவை உச்சிக்கு ஏறி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை உள்ளே இறக்குவார். இனிப் படியேறினால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்குத்தர் எச்சரித்திருந்தார். அதை ஆலையில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

எண்பதுகளின் நடுவில், ஒலியால் மட்டம் அளக்கும் கருவி ஒன்று வந்து இறங்கியது. அதைச் சைலோவின் உச்சியில் பூட்டும் வேலை மின்பகுதியில் இருந்த என் தலையில் விழுந்தது. காதுக்குக் கேட்காத ஒலியை அது மேலிருந்து அனுப்பும். அது கல்லில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கீழே அறையிலேயே காட்டும். "இனி நீங்கள் ஏறத் தேவையில்லை ஐயா" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கல்லைக் கொண்டுவந்து கொட்டும் கொன்வேயர் பட்டி ஓடியதும் உள்ளே தூசி புகையாய் எழும்பியது. ஒலி அந்தத் தூசியிலும் விழுகிற கல்லிலும் பட்டுத் திரும்பியது. பாதி காலியான சைலோவை நிரம்பி வழிவதாகக் கருவி காட்டியது. இடம் மாற்றிப் பூட்டினேன், கழற்றித் துடைத்தேன், கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் சரிபார்க்கக் கயிறு இறக்க வேண்டியிருந்தது. மூன்று தடவை ஏறிய மனிதர் என் புண்ணியத்தில் ஆறு தடவை ஏறினார். அவருக்குப் பதில் நான் ஏறினால் ஏன் என்று ஆலையில் கேட்பார்களாம், என்னை ஏற விடமாட்டார். "உன்ரை மிசினுக்கு என்ரை காலிலை என்ன கோபம், தம்பி?" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

பிறகு நாட்டு நிலைமை மோசமாகி, கல் உடைக்கும் வெடிமருந்து வருவது நின்றது. கொன்வேயரும் நின்றது. இருந்த கல்லும் சில நாட்களில் தீர்ந்தது. ஒரு காலை அறைக்குள் போனபோது கருவியின் முள் ஆடாமல் அசையாமல் பூச்சியத்தில் நின்றது. போர்மன் ஐயாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தடுத்தும் கேளாமல் ஏறிப்போனார். இறங்கிவர நெடுநேரம் பிடித்தது.

"ஓம் தம்பி, சரியாய்த்தான் காட்டுது. அடிவரைக்கும் ஒண்டுமில்லை. இனி நான் ஏறத் தேவையில்லை."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு நன்றி சொல்வதுபோலச் சொன்னார்.