பாரைக் குழம்பும் மெய்நிகர் கோயிலும்

எனக்கு என் வேலை தெரியும். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. திருகோணமலையில் கணினி வடிவமைப்புப் படிப்பிக்கிறேன். இங்கே கடற்கரையில் இருக்கும் சல்லி அம்மன் கோயிலை மூலைமுடுக்கெல்லாம் படம் பிடித்து, படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்தி, கண்ணில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் உள்ளே சுற்றி வரக்கூடிய கோயிலாகச் செய்தவள் நான். துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஹோட்டல் ஒன்றில் மெய்நிகர் தொழில்நுட்ப மாநாடு நடக்கப்போகிறது, வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பயன்படுத்துவதற்கு ஒரு படைப்பைத் தெரிவு செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது என்னுடையதுதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அந்தக் கோயிலைச் செய்ததே மாமிக்காகத்தான். என் கணவரின் தாய். இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். கோயிலடி முழுக்க மணல்; நாற்காலிச் சில்லு புதைந்துவிடும். "நாலு பேர் பிடிச்சுத் தூக்கிக்கொண்டு போகலாம் மாமி" என்று ஒருநாள் சொன்னேன். "தூக்கிக்கொண்டு போறதுக்கு நான் என்ன பிணமோ?" என்றார். சரி, நான் செய்த கோயிலையாவது பாருங்கள் என்றால் அதற்கும் மறுப்பு. "கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்க நான் என்ன வண்டில் குதிரையோ?" வாய் என்றால் அப்படி ஒரு வாய். எனக்கும் அதில் குறைவில்லை என்பதால் எங்கள் வீடு எப்போதும் கலகலப்பாகவே இருக்கும்.

ஆனால் மாநாட்டில் செய்துகாட்ட, கோயிலுக்குப் போக முடியாத ஒருவர் வேண்டும் என்றதும் மாமி மறுபேச்சுப் பேசவில்லை. "படம் பாக்கிறதுதானே, வாறன். நாலு பேருக்கு முன்னால உன்னை விட்டுக்குடுக்க ஏலுமோ?" என்றார்.

மாநாடு ஒரு புதன்கிழமை. செவ்வாயாகவோ வெள்ளியாகவோ இருந்திருந்தால் ஒரு சிக்கலும் வந்திராது. அந்த இரண்டு நாளும் மாமி மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. நாங்கள் போய் இறங்கியபோது வரவேற்புக்குக் கட்டியிருந்த வாழைமரத்தை, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று கடித்துக்கொண்டு நின்றது. காவலாளி அதை விரட்டுவதா, எங்களுக்கு வழி விடுவதா என்று தடுமாறினார்.

காலையிலேயே என் முறை என்றார்கள். கையில் மைக் கிடைத்தவர்கள் லேசில் விடுவார்களா? ஒருவர் வெறுஞ்சுவருக்கு முன்னால் கைத்தொலைபேசியைப் பிடித்து, அங்கே ஓர் அலுமாரி நிற்பதுபோல் காட்டினார். இன்னொருவர் மேசைமேல் கப்பல் விட்டார். யன்னலுக்கு வெளியே நிஜக் கப்பல் ஒன்று நின்றது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவர்களில் மூத்தவர் கொழும்பிலிருந்து வந்தவர். வயதானவர்களுக்கு இதெல்லாம் பார்க்கப் புதினம், கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும், கண்ணுக்கு முன்னால் இருப்பது வெறும் படம் என்று அவர்களுக்கும் தெரியும்தானே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்படியே இழுபட்டு என் முறை மத்தியானத்துக்குப் பின்னால் போனது. சாப்பாட்டுக்குப் பாரைமீன் குழம்பு. நடுத்துண்டாகப் பார்த்து மாமியின் தட்டில் வைத்தவளே நான்தான்.

மேடையில் மாமிக்கு ஹெட்செட்டை மாட்டி, கையில் விசையைக் கொடுத்தேன். அதிலுள்ள பொத்தானை அமத்தினால் முன்னே போகலாம். மாமி காண்பதைப் பெரிய திரையில் எல்லோரும் கண்டார்கள். கடற்கரை மணல் வந்தது. கோபுரம் வந்தது. வாசலில் யாரோ கழற்றி விட்ட செருப்புகள் வந்தன. அதோடு திரை அசையாமல் நின்றுவிட்டது.

"பொத்தானை அமத்துங்கோ மாமி" என்றேன் மெதுவாக.

"எனக்குத் தெரியும்" என்றார். அமத்தவில்லை.

மண்டபத்தில் யாரோ செருமினார்கள். மூத்த நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நாள் உழைப்பும் இந்த மனுசியின் பிடிவாதத்தால் போகப்போகிறது என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

"என்னம்மா, கருவி வேலை செய்யேல்லையோ?" என்று நடுவர் கேட்டார்.

"கருவி நல்லாத்தான் கிடக்குது தம்பி. நான் மத்தியானம் மீன் சாப்பிட்டனான். உள்ளுக்குப் போக ஏலாது."

மண்டபம் சிரித்தது. நடுவரும் சிரித்தார். "அம்மா, இது உண்மையான கோயில் இல்லை. கம்பியூட்டரில செய்தது."

"படமெண்டு நினைச்சுத்தான் நானும் சாப்பிட்டனான். இப்பிடி வாசல்ல கொண்டுவந்து நிப்பாட்டுவாள் எண்டு ஆர் கண்டது? கோயில் பொய்யா இருக்கட்டும் தம்பி. நான் திண்ட மீன் மெய்தானே?"

சிரிப்பு அடங்கிவிட்டது. என் கோபமும் போன இடம் தெரியவில்லை. நான் பேசுவதற்கு நிறையத் தயாரித்து வந்திருந்தேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். "ஐயா, வெறும் படம் எண்டு அவைக்கும் தெரியும்தானே எண்டு காலமை சொன்னீங்கள்" என்று மட்டும் சொன்னேன். நடுவர் திரும்பித் திரையில் தெரிந்த செருப்புகளைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, சொன்னனான்" என்றார்.

என் கோயில்தான் தெரிவானது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை, ஆனால் சந்தோசம் இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழிநெடுக மாமி ஹோட்டல் குழம்புக்குப் புளி காணாது என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது மாமி தலைக்குத் தோய்ந்து, திருநீறு பூசி, நாற்காலியில் காத்திருந்தார். "எங்கை உன்ர பெட்டி?" என்றார். ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். ஒரு கையில் விசை, மறு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடு முணுமுணுத்தது. ஹெட்செட்டுக்குக் கீழே கண்ணீர் வழிந்து நாடிக்கு வந்தது.

"வாசலுக்கு வந்திட்டன். தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்குது. நீயும் கூட வா பிள்ளை."

அந்தக் கோயிலின் ஒவ்வொரு சுவரும் என் கையால் பொருத்திய படம். அது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் வேலைத்தலத்தில் பின்னேரத் தேநீரோடு மீன் ரோல் தின்றது எனக்கு நினைவுக்கு வந்தது. மாமியின் பிடியிலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொண்டேன்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ மாமி" என்றேன். "நான் வாசல்ல நிக்கிறன்."